முளைக்காமல் சிக்கிய பல்: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் பல் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு ஓய்வு கிடைத்ததே தவிர கேள்விகளுக்குக் கிடைக்கவில்லை. சந்தையில் மீன் வாங்கும்போதும் கோயில் அன்னதானப் பந்தியிலும் யாராவது வாயைத் திறந்து காட்டிவிடுகிறார்கள். அப்படிக் கேட்கப்பட்டவற்றில், ஈறுக்குள் சிக்கிய பல்லைப் பற்றியவற்றை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. உங்கள் தாடைக்குள் என்ன நடக்கிறது என்பதை நேரில் பார்த்து எக்ஸ்ரே எடுத்த பல் டாக்டர்தான் சொல்ல முடியும்.

சிக்கிய பல் என்று எதைச் சொல்கிறார்கள்?

வெளியே வர வேண்டிய வயது கடந்தும் ஈறுக்குள்ளோ தாடையெலும்புக்குள்ளோ தடைபட்டு நின்றுவிட்ட பல்லை. சில பற்கள் முழுவதும் எலும்புக்குள் புதைந்து கிடக்கும். சில பாதித் தலையை மட்டும் நீட்டிவிட்டு நின்றுவிடும். தொல்லை தருவதில் இந்த அரைகுறைப் பற்களுக்கே முதலிடம்.

அதிகமாகச் சிக்குவது கீழ்த்தாடை ஞானப்பல், அதாவது கடைவாயின் கடைசிப் பல். அடுத்தது மேல்தாடை ஞானப்பல். மூன்றாவது இடத்தில் மேல் கோரைப்பல், அதாவது முன்பற்களுக்கு இரு பக்கமும் கூராக நிற்கிற பல். ஞானப்பல்லைப் பற்றி ஊரே பேசுகிறது. கோரைப்பல்லைப் பற்றிப் பெற்றோர் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது அதைத்தான். கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

ஏன் சிக்குகிறது?

ஞானப்பல் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில், எல்லாப் பற்களும் இடம் பிடித்த பிறகு வருகிறது. தாடையின் பின்பகுதியில் இடம் மிச்சமில்லையென்றால் சாய்ந்தோ படுத்தோ முளைக்கப் பார்த்து, முன்னால் நிற்கும் கடைவாய்ப்பல்லில் முட்டி நின்றுவிடும்.

பிள்ளைகளிடம் வேறு காரணங்களும் உண்டு. பால்பல் சொத்தையாகிச் சீக்கிரமே பிடுங்கப்பட்டால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குள் சாய்ந்துகொள்ளும். கீழே காத்திருக்கும் பல்லுக்கு வழி அடைபடும். "பால்பல்தானே, எப்படியும் விழப்போகிறது" என்று சொல்லும் தாய்மார்களிடம் நான் வாதாடிய நேரம் கொஞ்சநஞ்சமல்ல. சில பிள்ளைகளுக்குக் கணக்கில் இல்லாத கூடுதல் பல் ஒன்று எலும்புக்குள் உருவாகி வழியை மறிக்கும். கோரைப்பல் சிக்குவது சில குடும்பங்களில் தலைமுறையாகத் தொடர்வதும் உண்டு.

வலியே இல்லை. பிறகு எதற்குப் பார்க்க வேண்டும்?

எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் கேள்வி இது. ஆனால் கேட்பவர்கள்மேல் குற்றமில்லை. பல் வலித்தால் டாக்டர், வலி நின்றால் வீடு என்றுதான் தோட்டத்தில் வளர்ந்தோம். அந்தக் காலத்தில் டிரெசர், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர், வலிக்கிற பல்லைப் பிடுங்கிவிடுவார். வலிக்காத பல்லை யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

சிக்கிய பல் விஷயத்தில் வலியை நம்பி முடிவெடுக்க முடியாது. கோரைப்பல் மேல்தாடைக்குள் தவறான திசையில் நகர்ந்து, பக்கத்து முன்பல்லின் வேரை அரித்துக்கொண்டே போகும். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. முன்பல் ஆடத் தொடங்கும்போதுதான் தெரியும். கீழ் ஞானப்பல் முன்பக்கம் சாய்ந்து நின்றால், அதற்கும் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே துலக்கும் தூரிகை நுழையாத பொந்து உண்டாகும். உணவு அங்கே தங்கி, நல்ல பல்லின் பின்பக்கம் சொத்தையாகிவிடும். வலி வரும் நேரத்தில் ஞானப்பல்லோடு அந்த நல்ல பல்லும் கைவிட்டுப் போயிருக்கும். இன்னும் அரிதாக, புதைந்த பல்லைச் சுற்றியுள்ள பையில் நீர் சேர்ந்து நீர்க்கட்டியாகி, சத்தமில்லாமல் தாடையெலும்பைக் கரைக்கும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஞானப்பல் வெளியே வரும்போது இரண்டு மூன்று நாள் நன்றாக வலிக்கும். பிறகு ஒழுங்காக முளைத்து ஆயுள் முழுவதும் வேலை செய்யும். வலித்தது என்பதற்காக மட்டும் அதைப் பிடுங்க வேண்டியதில்லை.

மகளுக்கு 12 வயது. பால் கோரைப்பல் ஒன்று ஆடவே இல்லை. காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே காட்டுங்கள்.

மேல் கோரைப்பல் வழக்கமாக 11, 12 வயதில் வெளியே வரும். ஆனால் அது சரியான வழியில் இறங்குகிறதா என்பதை அதற்கு முன்பே அறியலாம். பிள்ளைக்கு 10 வயதாகும்போது மேல் உதட்டைத் தூக்கி, பால் கோரைப்பல்லுக்கு மேலே ஈறில் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கெட்டியான ஒரு மேடு தட்டுப்பட வேண்டும், இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மேடு இருந்து மறுபக்கம் வழவழவென்று இருந்தாலோ, ஒரு பக்கம் புதுப்பல் வந்து மாதங்களாகியும் மறுபக்கம் பால்பல் அசையாமல் நின்றாலோ எக்ஸ்ரே எடுக்கும் நேரம் வந்துவிட்டது. இந்தத் தொல்லை ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளிடம் அதிகம்.

பல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை எனக்கு எப்போதும் பிடித்தமானது. டாக்டர் எக்ஸ்ரே குழாயைச் சற்று நகர்த்தி இரண்டு படங்கள் எடுப்பார். குழாய் நகர்ந்த அதே திசையில் பல்லின் நிழலும் நகர்ந்திருந்தால் பல் அண்ணத்தின் பக்கம் இருக்கிறது. எதிர்த்திசையில் நகர்ந்திருந்தால் உதட்டின் பக்கம் இருக்கிறது. பெரும்பாலும் அண்ணத்தின் பக்கம்தான்.

10 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் பிடிபட்டால் சிகிச்சை வியப்பூட்டும் அளவுக்கு எளிது. பால் கோரைப்பல்லை எடுத்துவிட்டு, புதுப்பல் தானே திரும்பி வருகிறதா என்று ஓராண்டு கவனிப்பார்கள். சுவீடன் நிபுணர்கள் 1988இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அண்ணப் பக்கம் விலகிய கோரைப்பற்களில் 78 விழுக்காடு இப்படியே வழிக்கு வந்தன. பல் நடுக்கோட்டை நோக்கி அதிகம் விலகாமல் இருந்தால் வெற்றி வாய்ப்பு இன்னும் கூடும். நெடுந்தூரம் போய்விட்டிருந்தால் குறையும். ஒரு பால்பல்லைப் பிடுங்குவதோடு முடிய வேண்டியதை, 16 வயதில் வந்து பெரிய சிகிச்சையாக்கிக்கொள்கிறோம்.

அந்தப் பெரிய சிகிச்சை என்னவென்றால், ஈறைத் திறந்து, புதைந்த பல்லின்மேல் சிறிய பிடி ஒன்றை ஒட்டி, அதில் மெல்லிய சங்கிலியை இணைத்து, பிரேசஸ் கம்பியோடு கட்டி மெல்ல மெல்லக் கீழே இழுப்பது. ஓராண்டுக்கு மேலேயே ஆகும். அரசாங்கப் பல் சீரமைப்பு நிபுணரிடம் வரிசை நீளம். தனியாரிடம் போனால் பல ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்). வயது கூடக் கூடப் பல் எலும்போடு ஒட்டிப்போய் இழுத்தாலும் வராமல் போகும் ஆபத்தும் கூடுகிறது.

பள்ளிக்கு வரும் பல் குழுவினர் இதைப் பார்ப்பார்களா?

பார்ப்பார்கள். மலாயாவில் பல் தாதியர் பயிற்சி 1940களின் இறுதியில் பினாங்கில் தொடங்கியது. பள்ளி மாணவர்களுக்கான பல் சேவை அதைச் சுற்றி வளர்ந்ததுதான். இப்போது பல் சிகிச்சையாளர் என்று பதவிப்பெயர் மாறியிருக்கிறது. மாணவர்களுக்குச் சிகிச்சை இலவசம்.

ஆனால் ஒன்று. பிள்ளை கொண்டுவரும் ஒப்புதல் பாரத்தில் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். புத்தகப்பைக்குள் கசங்கிக் கிடக்கும் அந்தத் தாளைத் தேடி எடுங்கள். ஐந்தாம் ஆண்டிலும் ஆறாம் ஆண்டிலும் அதற்குக் கூடுதல் மதிப்பு, ஏனென்றால் கோரைப்பல்லுக்கு அதுதான் காலம். கிளினிக்குக்குப் போகச் சொல்லிச் சீட்டுக் கொடுத்திருந்தால் பள்ளி விடுமுறை வரை தள்ளிப்போட வேண்டாம்.

மகனுக்கு 8 வயது. மேல் முன்பல் ஒன்று வந்துவிட்டது, பக்கத்துப் பல் வரவில்லையே?

ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி என்றால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். கூடுதல் பல் ஒன்று வழியை மறித்திருக்கலாம், அல்லது சின்ன வயதில் விழுந்து பால்பல்லில் அடிபட்டதால் கீழே இருந்த பல் வளைந்திருக்கலாம்.

கடைவாயில் ஈறு வீங்கி வாயே திறக்க முடியவில்லை. இன்றிரவு என்ன செய்வது?

பாதி முளைத்த ஞானப்பல்லின்மேல் ஈறு ஒரு மூடிபோல் படிந்திருக்கும். அதற்கடியில் சோற்றுப் பருக்கையும் கிருமியும் தங்கி அழற்சி உண்டாகிறது. மேல்பல் அந்த வீங்கிய ஈறைக் கடித்துக் கடித்து இன்னும் மோசமாக்கும். தாடைத் தசை இறுகி, இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காது.

ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அந்தப் பக்கமே நீர் அலசுமாறு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளியுங்கள். வலித்தாலும் மென்மையான தூரிகையால் அந்த இடத்தைத் துலக்குங்கள். துலக்காமல் விடுவதுதான் வீக்கத்துக்குத் தீனி. ஒவ்வாமையோ கல்லீரல் நோயோ இல்லாத பெரியவர் பாரசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கலாம், நாளுக்கு எட்டு மாத்திரைக்கு மேல் கூடாது. வலி மாத்திரையை ஈறின்மேல் வைத்து அழுத்தாதீர்கள், ஈறு வெந்துபோகும். கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் மரக்கச் செய்யும், திரும்பத் திரும்பத் தடவினால் அதுவும் புண்ணாக்கும். புகையிலை வைப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கன்னத்தில் சுடச்சுட ஒத்தடம் கொடுப்பதையும் தவிருங்கள்.

மறுநாள் கிளினிக்கில், மூடிபோன்ற ஈறுக்கடியில் மருந்துநீர் பாய்ச்சிக் கழுவுவார்கள். கடிக்கிற மேல்பல்லின் கூர்மையைத் தேய்த்துவிடுவார்கள், அல்லது அந்த மேல் ஞானப்பல்லை எடுத்துவிடுவார்கள். பலருக்கு அதிலேயே அடங்கிவிடும்.

எப்போது காலை வரை காத்திருக்கக் கூடாது?

விழுங்கச் சிரமம், எச்சில் வழிதல், தாடைக்கடியில் கெட்டியாக வீங்கி நாக்கு மேலெழும்புதல், குரல் மாறுதல், மூச்சு வாங்குதல், வீக்கம் கண்வரைக்கும் கழுத்துவரைக்கும் பரவுதல், குளிர்க்காய்ச்சல். இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவு. வாகனம் இல்லையென்றால் 999. கீழ்க் கடைவாய்ப்பல்லின் சீழ் நாக்குக்கு அடியிலும் கழுத்துக்கும் இறங்கி மூச்சுக்குழாயை அடைக்க முடியும். பல்லுக்காக யாரும் சாவார்களா என்று கேட்பவர்கள் உண்டு. சாவார்கள்.

போன தடவை கொடுத்த ஆன்டிபயாட்டிக் மிச்சமிருக்கிறது. சாப்பிடலாமா?

வேண்டாம். மலேசியாவில் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்படி, டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த நான்கு மாத்திரையும் அதே கணக்குத்தான். காய்ச்சல், பரவும் வீக்கம், வாய் திறக்க முடியாமை இருந்தால்தான் இந்த மருந்து தேவைப்படும். மற்றபடி கழுவிச் சுத்தம் செய்வதே சிகிச்சை. மருந்து வீக்கத்தை அமுக்கலாம், ஈறுக்கடியில் தங்கிய சோற்றை வெளியே எடுக்காது. இரண்டு மாதம் கழித்து அதே வீக்கம் திரும்பி வரும்.

இந்த நோய்க்கு அடிக்கடி எழுதப்படும் மெட்ரோனிடசோல் மாத்திரையோடு மது சேரக் கூடாது. குமட்டல், வாந்தி, படபடப்பு வரலாம். பீர், கள், சம்சு எல்லாம் இதில் அடக்கம். மாத்திரை முடிந்த பிறகும் இரண்டு நாள் பொறுங்கள். சம்பள நாள் வாரத்தில் இதை இருமுறை சொல்ல வேண்டியிருக்கும்.

டாக்டர் எதைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்?

முதலில் வாய், ஈறு, வாய் திறக்கும் அளவு. பிறகு ஓ.பி.ஜி எனப்படும் எக்ஸ்ரே. முகவாயை ஒரு தாங்கியில் வைத்து நின்றால் இயந்திரம் தலையைச் சுற்றி வந்து இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டும். வலிக்காது, சில நொடிதான். எல்லாச் சிறிய கிளினிக்கிலும் இந்த இயந்திரம் இருக்காது.

படத்தில் பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள்: முன்பக்கமா, பின்பக்கமா, நேராகவா, படுத்தா. 1926இல் வகுக்கப்பட்ட இந்த நான்கு வகைப் பிரிவு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. முன்பக்கம் சாய்ந்தது பொதுவாக எடுக்க எளிது. கீழ்த்தாடையில் பின்பக்கம் சாய்ந்தது பார்க்கச் சாதுவாகத் தெரியும், எடுக்கப் போனால்தான் அதன் குணம் தெரியும்.

அதைவிட முக்கியமானது, வேருக்கும் கீழ்த்தாடை நரம்பு ஓடும் குழாய்க்கும் உள்ள நெருக்கம். குழாயின் வெள்ளைக் கோடு வேரருகில் அறுபட்டிருந்தாலோ, குழாய் திசை மாறியிருந்தாலோ, அந்த இடத்தில் வேர் கருமையாகத் தெரிந்தாலோ டாக்டர் எச்சரிக்கையாவார். அப்போது முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம்.

சிக்கியிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கட்டாயம் எடுக்க வேண்டுமா?

இல்லை. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டிலேயே, நோய் எதுவும் இல்லாத சிக்கிய ஞானப்பல்லை முன்னெச்சரிக்கை என்று சொல்லி எடுக்க வேண்டாம் என அரசு வழிகாட்டி வந்துவிட்டது. நம் சுகாதார அமைச்சும் சிக்கிய ஞானப்பல்லுக்கென்றே மருத்துவ வழிகாட்டி வைத்திருக்கிறது.

ஈறு அழற்சி திரும்பத் திரும்ப வந்தால், ஞானப்பல்லோ பக்கத்துப் பல்லோ சரிசெய்ய முடியாதபடி சொத்தையானால், நீர்க்கட்டி தெரிந்தால், பக்கத்து வேர் அரிக்கப்பட்டால் எடுக்க வேண்டும். எலும்புக்குள் ஆழமாக அமைதியாகக் கிடந்தால் விட்டுவிட்டு, அவ்வப்போது எக்ஸ்ரேயில் பார்த்துக்கொள்ளலாம். விட்டுவிடுவது என்றால் மறந்துவிடுவது என்று பொருள் கொள்கிறார்கள். அதுதான் சிக்கல்.

முன்பற்கள் கோணலாவது ஞானப்பல் தள்ளுவதால்தான் என்று சொல்லி எடுக்கச் சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். அதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

எடுத்தே தீர வேண்டிய பல் என்றால் இருபதுகளில் எடுப்பது நல்லது. எலும்பு இளகலாக இருக்கும், புண் சீக்கிரம் ஆறும். நாற்பதுக்கு மேல் எலும்பு இறுகி, வேர் முழுமையடைந்து, அறுவையும் புண் ஆறுவதும் நீளும்.

அரசாங்கமா, தனியாரா?

முதலில் நகரத்து அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போங்கள். பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. வீக்கம், வலி என்றால் அன்றே பார்ப்பார்கள். அறுவை தேவைப்பட்டால் பரிந்துரைக் கடிதம் தந்து வாய், முகத்தாடை அறுவை நிபுணரிடம் அனுப்புவார்கள். நமக்கு அது ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தெற்கே, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. அவசரமில்லாத பல்லுக்குத் தேதி தள்ளித்தான் கிடைக்கும். அதற்குள் மீண்டும் வீங்கினால் "ஈப்போவில் தேதி இருக்கிறது" என்று வீட்டில் உட்கார்ந்திருக்காமல் பழைய கிளினிக்குக்கே திரும்பிப் போங்கள். தேதியை முன்னுக்குக் கொண்டுவர முடியுமா என்று அவர்களே கேட்பார்கள்.

தனியாரில் காத்திருப்பு குறைவு. செலவு ஒரு பல்லுக்குப் பல நூறு வெள்ளி, கடினமானதென்றால் ஆயிரத்தைத் தாண்டும். எக்ஸ்ரே, மருந்து, தையல் பிரிப்பது எல்லாம் சேர்த்தா, தனித்தனியா என்று முன்பே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அறுவை எப்படி நடக்கும்? மயக்கிவிடுவார்களா?

பெரும்பாலும் மரப்பு ஊசி மட்டுந்தான், விழித்தேதான் இருப்பீர்கள். ஈறைச் சிறிது வெட்டித் திறந்து, பல்லை மறைக்கும் எலும்பைக் கொஞ்சம் செதுக்கி, தேவைப்பட்டால் பல்லை இரண்டு மூன்று துண்டாக்கி எடுத்து, தையல் போடுவார்கள். அழுத்தமும் சத்தமும் தெரியும், கூர்மையான வலி தெரியக் கூடாது. தெரிந்தால் கையைத் தூக்குங்கள், இன்னும் ஊசி போடுவார்கள். "ஆம்பளை பொறுத்துக்கொள்வான்" என்று பல்லைக் கடித்துக்கொள்ள அங்கே வழியில்லை, வாய் திறந்திருக்கிறது.

நான்கு பற்களையும் ஒரே நேரத்தில் எடுக்கும்போதும், மிக ஆழமான பல்லுக்கும் முழு மயக்கம் கொடுப்பதுண்டு.

நரம்பு வெட்டுப்பட்டு வாய் கோணிப்போகுமா? கண் பார்வை போகுமா?

இரண்டும் நடக்காது. மேல்பல்லைப் பிடுங்கினால் பார்வை போகும் என்பது நம் பாட்டிமார் காலத்துப் பயம். கண்ணில் காட்சியைக் கொண்டுபோகும் நரம்பு வேறு, பல்லின் உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு வேறு. பாட்டிக்குப் பல் போன வயதும் கண் மங்கிய வயதும் ஒன்றாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

கீழ் ஞானப்பல்லுக்கு அருகில் ஓடுவது உணர்ச்சி நரம்பு, முகத்தசையை அசைக்கும் நரம்பன்று. அது நசுங்கினால் கீழுதடும் முகவாயும் மரத்துப்போகும். நாக்கு நரம்பு பாதிக்கப்பட்டால் நாக்கின் ஒரு பக்கம் மரத்து, சுவையும் மாறும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பிவிடும். நிரந்தரமாக நின்றுவிடுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம் என்பதால்தான் ஒப்புதல் பாரத்தில் அதை எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள், படித்துவிட்டுப் போடுங்கள்.

வேர் நரம்புக் குழாயை ஒட்டியே இருந்தால், பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை அப்படியே விடும் முறை ஒன்று இருக்கிறது. வேரை மறந்து உள்ளே விட்டுவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகும் முன் அதுதானா என்று கேளுங்கள்.

எடுத்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

வைத்த பஞ்சை அரை மணி நேரம் இறுகக் கடித்திருங்கள். எச்சிலில் சிவப்பு தெரிவதைப் பார்த்து அடிக்கடி துப்பாதீர்கள். பல் இருந்த குழியில் உறைந்த இரத்தக்கட்டிதான் மருந்து. துப்பினாலும், உறிஞ்சுகுழாயில் குடித்தாலும், முதல் நாளே கொப்பளித்தாலும் அது கழன்றுவிடும். உப்புநீர் மறுநாளிலிருந்து. முதல் நாள் கன்னத்தில் துணியில் சுற்றிய ஐஸ் வைத்து வைத்து எடுக்கலாம். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய்த்தான் இறங்கும். மூன்றாம் நாள் முகம் பலாப்பழமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நான்காம் நாளும் கூடிக்கொண்டே போனால் போய்க் காட்டுங்கள்.

ஆறிய கஞ்சி, தயிர்சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி, சூடு தணிந்த மைலோ. முறுக்கும் மீ கோரெங்கும் ஒரு வாரம் கழித்து.

புகைபிடிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில், குறைந்துவந்த வலி திடீரென்று காதுவரை தெறித்தால், வாயில் துர்நாற்றம் வீசினால், இரத்தக்கட்டி கரைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். கீழ் ஞானப்பல் அறுவைக்குப் பிறகு இது அரிதன்று. புகைபிடிப்பவர்களிடமும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களிடமும் அதிகம். கிளினிக்கில் குழியைக் கழுவி மருந்து வைத்தால் அன்றே வலி தணியும். ஆன்டிபயாட்டிக் இதற்குப் பயன்படாது.

குலை வெட்டும் வேலை. எம்.சி. கிடைக்குமா? சம்பளம் பிடிப்பார்களா?

எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழ், கிடைக்கும். செம்பனைக் குலை வெட்டுவது, மூட்டை தூக்குவது போன்ற வேலைகளைச் சில நாள் தவிர்க்கத்தான் வேண்டும். குனிந்து முக்கினால் இரத்தம் திரும்பக் கசியும்.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் பல் மருத்துவர் தரும் விடுப்பையும் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பாக ஏற்கிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைவான பணிக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். பல்லுக்கு எடுக்கும் நாள்களும் இந்தக் கணக்குக்குள்தான். விடுப்புத் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளரிடம்) வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், எம்.சி.யைப் படமெடுத்து அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள்.

சர்க்கரை நோய், இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து, கர்ப்பம்?

எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரைப் பையையே கொண்டுபோங்கள். இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். பக்கவாதமும் மாரடைப்பும் பல்லைவிடப் பெரியவை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குச் சீழ் வேகமாகப் பரவும், புண் மெதுவாக ஆறும். அறுவையன்று சாப்பிடாமல் போய் மயங்கி விழுபவர்களும் இவர்கள்தான். மரப்பு ஊசிக்குப் பட்டினி தேவையில்லை. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை மாத்திரை எடுக்கும் அம்மாமார் அதை மறக்காமல் சொல்ல வேண்டும், தாடையெலும்பு ஆறுவதை அது பாதிக்கலாம். கர்ப்பிணிகளுக்கு அவசரமில்லாத அறுவையைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். சீழ் பிடித்திருந்தால் தள்ளிப்போடக் கூடாது.

அம்மாவுக்கு வாய் சரியாகத் திறக்கவில்லை, வெற்றிலை போடுகிறார். ஞானப்பல்லாக இருக்குமா?

அறுபது வயதில், வீக்கமோ வலியோ இல்லாமல், மாதக்கணக்கில் வாய் சுருங்கிக்கொண்டே வந்தால் ஞானப்பல்லைச் சந்தேகிக்காதீர்கள். பாக்கு கன்னத்தின் உட்தோலை நார்நாராக இறுக்கிவிடும். காரம் பட்டால் எரிகிறதா, கன்னத்தின் உட்புறம் வெளுத்திருக்கிறதா, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருக்கிறதா என்று பாருங்கள். மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் இந்தியப் பெண்களை அதிகம் தாக்குவது வெற்றிலை பாக்கும் புகையிலையும் சேர்ந்த பழக்கத்தால்தான். பல் கிளினிக்கிலேயே பரிசோதிப்பார்கள். அழைத்துக்கொண்டு போங்கள்.

அழகு நிலையத்தில் மலிவாக பிரேசஸ் போடுகிறார்களே, கோரைப்பல்லை அங்கேயே இழுத்துவிடலாமா?

எக்ஸ்ரே இல்லாமல், புதைந்த பல் எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் கம்பி கட்டுபவர் எதை இழுக்கிறார்? பக்கத்துப் பல்லின் வேர் போய்விடும். பதிவு பெறாமல் பல் மருத்துவம் செய்பவருக்கு 3 லட்சம் வெள்ளி வரை அபராதமும் 6 ஆண்டு வரை சிறையும் உண்டு. கிளினிக்கில் அவ்வாண்டுக்குரிய தொழில் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஞானப்பல் எடுத்த இடத்தில் பொய்ப்பல் வைக்க வேண்டுமா?

வேண்டாம். ஈறு சில வாரங்களில் மூடிக்கொள்ளும், உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதம் ஆகும். அதுவரை சோறு அந்தக் குழிக்குள் போய் உட்காரும், சாப்பிட்டதும் கொப்பளியுங்கள். கோரைப்பல்லை எடுக்க நேர்ந்தால் கதை வேறு, அந்த இடத்தை வெறுமனே விட முடியாது. அதற்கான திட்டத்தைப் பல்லை எடுக்கும் முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.